மூன்றாவது ஆள் பாடியிருப்பான்

அம்மா,

ஆரஞ்சுத் தூள் டின்னைத் திறந்துவிட்டேன். கரண்டியால் மூடியை நெம்பியதும் அந்த வாசனை குப்பென்று வந்தது. அடியில் கொஞ்சம் தூள் கல்லாக இறுகிக் கிடக்கிறது. நிலாவுக்குப் போகிறவர்கள் குடிப்பது என்று கடைக்காரர் சொன்னதால் நீ வாங்கி வந்த டின். முதல் தம்ளரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "இதக் குடிச்சிட்டா அவ்ளோ தூரம் போனாங்க? பாவம்லா" என்றாய். அப்புறமும் தினம் ஒரு தம்ளர் கலக்கினாய்.

சமையலறையில் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை முன்னறையில் தூங்குகிறார். போன வாரம் நான் ஒரு தாளில் 'அம்மா' என்று ஆரம்பித்ததைப் பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டார். "செத்தவங்களுக்கு எழுதுனா கூப்புடற மாதிரி ஆயிடும்டி" என்றார். கூப்பிட்டதாகவே இருக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. நீ போனதிலிருந்து அப்பாதான் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறார். நாளையிலிருந்து துறைமுகத்தில் அவருக்கு வேலை நேரம் மாறுகிறது. விடியும் முன்பே போய்விடுவார். இதைக் கேட்டதும் அத்தை, "நெழலப் பாத்தாலே நடுங்குற புள்ள இது. என்கூட சுங்கை பாக்காப்புக்கு அனுப்பு. அங்க ஸ்கூல் இல்லையா என்ன?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "நாளைக்குத் தனியா போய்ட்டு வந்துடுவியாம்மா? வந்துட்டா இங்கயே இரு. முடியலன்னா சனிக்கிழமை அத்தைகூட போயிடும்மா." நான் தலையை ஆட்டினேன். என் தலையாட்டலை எவ்வளவு நம்பலாம் என்று உனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் ஒன்றும் தூரமில்லை. நம் முன்வாசல் பெரிய தெருவில். சமையலறை ஜன்னல் பின்சந்தில். இரண்டையும் சேர்க்கிற அந்தப் பக்கத் தெருவைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கேதான் சீனர்களின் சாவுக்கு எரிக்கக் காகித வீடும் காகித ஆட்களும் செய்கிற பட்டறை இருக்கிறது. கன்னத்தில் சிவப்பு பூசிக்கொண்டு, இமைக்காமல், தெருவைப் பார்த்தபடி நிற்பார்களே, அவர்கள்.

அவர்களைத் தாண்ட நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். நான் ஒன்றாம் வகுப்பு முடித்த விடுமுறை. முதன்முதலாக மூன்று பேர் நிலாவைச் சுற்றப் போயிருக்கிறார்கள் என்று ரேடியோவில் செய்தி. பின்பக்கம் போனதும் அவர்கள் பேசுவது பூமிக்குக் கேட்காது என்றார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த உன் கை அப்படியே நின்றது.

"ஏன் கேக்காதாம்?"

"நிலாவே மறைச்சிடுதுல்ல? மறுபக்கம் வந்தாத்தான் கேக்கும்" என்றார் அப்பா.

"அது வரைக்கும் இங்க உள்ளவங்க என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, காத்துக்கிட்டு கெடப்பாங்க."

மறுநாள் என்னைக் கடைக்கு அனுப்பினாய். "நீதான் ராக்கெட்டு. மொனை வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருப்பேன். திரும்புனா கேக்காது, பயப்படாத. சந்துக்கு வந்து நில்லு, மறுபடியும் கேக்கும்" என்றாய். முன் ஜன்னலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "மொனை வந்துட்டியா?" என்று கத்தினாய். "வந்துட்டேன்!" என்று நானும் கத்தினேன். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு காகித ஆட்களைத் தாண்டி ஓடினேன். சந்தில் நின்றபோது முதலில் கேட்டது உன் குரல் இல்லை, வாளிச் சத்தம். நீளமான நம் மாடி வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிவந்து வாளியைத் தட்டிவிட்டிருந்தாய். அப்புறம் ஜன்னலில் உன் தலை.

"கேக்குதா?"

"கேக்குது!"

கீழ்வீட்டுச் சீனத்து அம்மா ஆ சிம் சந்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "டுவா டுவா கிலா" என்றார். இரண்டும் பைத்தியம் என்று மலாயில் சொல்கிறாரே என்று நீ அடக்கமாட்டாமல் சிரித்தாய். அன்றிலிருந்து தேங்காய்க்கும் ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நான் எத்தனை முறை நிலாவைச் சுற்றியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் நீ அந்த வாளியைத் தட்டிவிட்டாய். அதை ஓரமாக வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நிலாவில் இறங்கியே விட்டார்கள். அத்தை அப்போதும் வந்திருந்தார். "கால வச்சுட்டானுங்களே, இனிமே பௌர்ணமிக்கு எப்படிலா கும்புடறது?" என்று அங்கலாய்த்தார். "ஏன் அக்கா, கோயிலுக்குள்ளயும் கால வச்சுத்தான போறோம்" என்றாய். அத்தை அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை.

உனக்குக் கவலையெல்லாம் மூன்றாவது ஆளைப் பற்றித்தான். இரண்டு பேர் இறங்கி நடக்க, ஒருவன் மட்டும் கப்பலிலேயே நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தான் என்று அப்பா பேப்பரில் படித்துச் சொன்னார். "மலை ரயில்ல கொடிமலை உச்சி வரைக்கும் போயிட்டு, ரயில விட்டு எறங்காத மாதிரியா?" என்று உனக்கு ஆறவே இல்லை. சாப்பிடும்போது என்னிடம் கேட்டாய்.

"பின்பக்கம் தனியா போறப்ப அவன் என்ன பண்ணியிருப்பான்?"

"பயந்திருப்பான்."

"மொத சுத்துல பயந்திருப்பான். அப்புறம் பாடியிருப்பான். யாருக்கும் கேக்காதுல்ல? நானா இருந்தா தொண்டை கிழியப் பாடுவேன்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "அதுக்குத்தான் உன்ன அனுப்பல."

அடுத்த வருடம் போனவர்களின் கப்பலில் வழியில் ஏதோ வெடித்துவிட்டது. இறங்க முடியாது, நிலாவைச் சுற்றிக்கொண்டு அப்படியே திரும்ப வேண்டும், திரும்புவார்களா என்பதே தெரியாது என்றார்கள். நீ என்னை இழுத்துக்கொண்டு அம்மன் கோயிலுக்கு ஓடினாய். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்டார்.

"மூணு பேரு சாமி. வெள்ளைக்காரங்க. பேரு வாயில வரல. நட்சத்திரமும் தெரியாது. இப்ப நிலாவுக்குப் பின்பக்கம் இருக்காங்க."

குருக்கள் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி பேருக்கே பண்ணிடறேம்மா" என்று உள்ளே போனார். அவர்கள் பத்திரமாகக் கடலில் வந்து விழுந்த அன்று நீ கேசரி கிளறினாய். ஆ சிம்முக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, "சுடா பாலிக்! சுடா பாலிக்!" என்றாய். திரும்பி வந்துட்டாங்க என்று நீ சொன்னது யாரை என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் குதித்தார்.

போன டிசம்பரில் கடைசியாகப் போனவர்கள் திரும்பியபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். இனி யாரும் போகமாட்டார்களாம் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். "அதனால என்னா? வழி தெரிஞ்சிடுச்சுல்ல" என்று சொல்லி ஆரஞ்சுத் தண்ணீர் கேட்டாய்.

டார்ச் மங்குகிறது. நாளை பள்ளிக்கூடம் விட்டுப் பின்வாசல் வழியாக வரச் சந்தில் வந்து நின்றால் ஜன்னல் சாத்தியிருக்கும். காகித ஆட்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் போலிருக்கிறது அம்மா. அந்த ஜன்னலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

*

அம்மா, மறுநாள் இரவு.

போய்விட்டு வந்துவிட்டேன்!

காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஓட்டம், பழையபடிதான். மத்தியானம் திரும்பும்போது முடியவில்லை. ஒரு பெரிய காகித வீட்டைத் தெருவிலேயே காய வைத்திருந்தார்கள். ஓட இடமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு ஓரமாக ஒதுங்கித்தான் போக வேண்டும். முனையிலேயே நின்றுவிட்டேன். அப்போது உன் மூன்றாவது ஆள் ஞாபகம் வந்தது. பாடினேன். நீ பாத்ரூமில் பாடுகிற பாட்டுத்தான். வரி தெரியாத இடத்தில் உன்னைப் போலவே 'லலலா' போட்டேன்.

பசை தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வாசலில் நின்ற காகித ஆளுக்கு இன்னும் ஒரு கண்தான் வரைந்திருந்தது அம்மா. கண்ணடிக்கிற மாதிரியே இருந்தான். இன்னொன்றும் சொல்கிறேன். பட்டறைக்குள்ளே, உத்தரத்தில், நூல் கட்டி ஒரு காகித ராக்கெட் தொங்குகிறது! வெள்ளிக் காகிதம், மேலெல்லாம் தூசி. எத்தனை வருடமாகத் தொங்குகிறதோ. இத்தனை நாளும் நான் கண்ணை மூடிக்கொண்டே அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு அவர் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். அது மெதுவாகச் சுற்றியது.

சந்துக்கு வந்தேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. வாளிச் சத்தம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்போது துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், நம் பாஷையே தெரியாத குரல், நீ கேட்கிற அதே ராகத்தில் நீட்டி முழக்கிக் கேட்டது:

"கேக்குதா?"

ஆ சிம், அம்மா! கையெல்லாம் சோப்பு நுரை. இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சந்து முழுக்க எதிரொலிக்கக் கத்தினேன்:

"கேக்குது!"

வீட்டுக்கு வந்து டின்னில் இருந்த கல்லை உடைத்து இரண்டு தம்ளர் கலக்கினேன். ஆ சிம் ஒரு வாய் குடித்துவிட்டு உன்னைப் போலவே முகத்தைச் சுளித்தார். சாயங்காலம் அப்பா வந்ததும், "பயமா இருந்துச்சா?" என்று கேட்டார். "மொத சுத்துல இருந்துச்சுப்பா" என்றேன். அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். சனிக்கிழமை அத்தை தனியாகத்தான் போகிறார்.

நாளைக்கும் அதே வழிதான். தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வருவேன். உனக்காக அந்த ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போகப்போகிறேன். நீ அவசரப்பட்டு ஓடி வராதே அம்மா. வாளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.