விறகுப்புரைக்குப் போன தடம்

மைனி,

நம் முற்றத்தில் மருந்து வாடை அடிக்கிறது. மழை இரண்டு நாள் வெறித்ததும் உங்கள் மகன் பாறசாலையில் களைக்கொல்லி வாங்கிவந்து, முட்டளவு நின்ற புல்லின்மேல் அடித்தான். நீங்கள் போனபிறகு இரண்டு மழைக்காலமாக அதை யாரும் தொடவில்லை. எனக்கும் இனிக் குனிய முடியாது.

"கரிச்சுப் போடாதே மக்கா. உங்கம்மை அரிஞ்சு அரிஞ்சாக்கும் இதை வளத்தினா" என்றேன்.

அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அம்மை அரியாம விட்ட ஒரு வருசத்திலதானே அத்தை, அப்பாவைப் போலீசு பிடிச்சது? பாட்டி எத்தனை மட்டம் சொல்லியிருக்கு."

நான் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் பாட்டி, என் அம்மா, மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடம். அவள் சொன்ன பொய் இன்னும் உங்கள் மகன் வாயில் இருக்கிறது. அந்தப் பொய்யைப் பிழைக்கவிட்டவள் நான்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு கோட்டுகாலிலிருந்து நீங்கள் வந்தபோது உங்களுக்கு இருபத்தொன்று, எனக்குப் பத்தொன்பது. ஊரில் எல்லா வீட்டு முற்றத்தையும் மம்பட்டியால் செத்தி, செம்மண் தெரிய வைத்திருப்பார்கள். நம் வீட்டில் மட்டும் புல். மிஷன் பங்களாவில் தோட்டவேலை பார்த்த அப்பா கொண்டுவந்து பிடிப்பித்தது. அப்பா இறந்தபின் அது தாறுமாறாகக் கிடந்தது. வந்த மாதமே நீங்கள் கருக்கரிவாளோடு இறங்கினீர்கள். ஒரேயடியாக வெட்டவில்லை. முதலில் தலைப்பை மட்டும் அரிந்தீர்கள். பத்து நாள் கழித்து மறுபடியும். நாலு விரல் உயரத்துக்குக் கீழே அரிவாள் போகவே இல்லை. அரிந்ததை அங்கேயே உதறிப் போட்டீர்கள். "நம்ம சரிவில விழுகிற மழைக்கு மண்ணைப் பிடிச்சு நிறுத்த வேற ஆளில்லை பிள்ளே" என்றீர்கள்.

அதே வருடங்களில்தான் அண்ணன் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் மதராசோடு சேர வேண்டும், நெய்யாற்றின்கரையின் தமிழ் ஊர்களும் அதில் வேண்டும் என்று கேட்ட காலம். போலீசு வீடு வீடாக ஆள் தேடியது. ஒரு கர்க்கடக மாதம், ஆடிப் பெருமழையில், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுப்புரையில் ஒளிந்தான். அப்போது நீங்கள் ஏழு மாதம்.

மழை விடாததால் அரிய முடியாமல் விறகுப்புரைவரைக்கும் புல் வளர்ந்து நின்றது. காலையும் உச்சையும் அந்தியும் கஞ்சிச் செம்பை முந்தானையில் மறைத்து நான்தான் கொண்டுபோவேன். ஐந்தாம் நாள் மழை சற்று நின்றதும் நீங்கள் அரிவாளோடு பின்பக்கம் வந்தீர்கள்.

"புல்லு சாயுது பிள்ளே. நடந்த இடம் நல்லாத் தெரியுது. அரிஞ்சு போட்டிருதேன்."

"வேண்டாம் மைனி. புல்லு நின்னா மறைவாக்கும். வெட்டவெளியாக்கினா அண்ணன் அசையுதது ரோட்டுக்குத் தெரியும்."

"எனக்கு மனசு ஒப்பல்லை. இது ஆளைக் காட்டிக் குடுக்கும்."

"நீங்க இந்த வயித்தையும் வச்சிட்டுக் குனியாண்டாம்" என்று அரிவாளை உங்கள் கையிலிருந்து பிடுங்கி, எட்டாத இடத்தில் சொருகினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிய வயது.

மறுநாள் காலையிலேயே போலீசு வந்தது. அறைகளைத் தேடினார்கள், ஒன்றும் இல்லை. திரும்பிப் போக இருந்தவர்களில் ஒருவன் அடுக்களை வாசலில் வெற்றிலை துப்ப நின்றான். துப்பியவன் அப்படியே நின்றுவிட்டான். புல் நடுவே ஒரு வரி, அடுக்களைப் படியிலிருந்து விறகுப்புரை வாசல் வரை, நனைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அது என் தடம் மைனி. என் காலடி மட்டும்.

அண்ணனை இழுத்துக்கொண்டு போனபின் அம்மா உங்கள் முன்னால் வந்து நின்றாள். "மடிச்சி! சோம்பிக் கிடந்து புல்லைக் காடாக்கிப் போட்டு நீயாக்கும் என் பிள்ளையைக் காட்டிக் குடுத்தது." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்லுவேன் என்று ஒரு நிமிடம் காத்தீர்கள். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த வாரமே அம்மா இரண்டு ஆட்களை வைத்து முற்றம் முழுவதையும் வேரோடு செத்த வைத்தாள். "மழை காலமாக்கும் மாமி, மண்ணு ஒலிச்சுப் போவும்" என்று நீங்கள் கெஞ்சியது யார் காதிலும் ஏறவில்லை. நான்கு நாள் மழையில் செம்மண் குழம்பாக இறங்கியது. சரிவைத் தாங்கிய கையாலைச் சுவர் இடிந்து கிணற்றுக்குள் சரிந்தது. நிறைமாதத்தில் நீங்கள் பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தீர்கள். அதற்கும் அம்மா, "செய்ததுக்குச் சுமக்கட்டும்" என்றாள்.

அண்ணன் திரும்பி வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. நெஞ்சில் அடிபட்ட இருமல் இருந்தது. வாசலிலேயே அம்மா அவனிடம் எல்லாம் சொன்னாள். அவன் குழந்தையை வாங்கிக்கொண்டான். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு சோறு வேண்டும், வெந்நீர் வேண்டும் என்பதைக்கூட என்னிடம்தான் சொன்னான். நான் அதை உங்களிடம் கொண்டுவந்து சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு இருந்தது.

எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு மதராசோடு போனது. நம் ஊர் இந்தப் பக்கமே நின்றது. செய்தி வந்த அன்று அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து, "அப்பம் நான் அடி கொண்டது எதுக்கு?" என்று கேட்டான். நீங்கள் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். பதில் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று அந்த வீடு முடிவு செய்திருந்தது. சில வருடத்தில் இருமியே அவன் போனான். பிறகு அம்மாவும்.

அதற்குள் நீங்கள் முற்றத்தை மீட்டிருந்தீர்கள். வயல் வரப்பிலிருந்து அறுகம்புல்லைக் வேர்மண்ணோடு கட்டி கட்டியாகப் பெயர்த்து, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக ஊன்றினீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் சால் கீறிவிட்டீர்கள். ஈரத்தில் யாரையும் மிதிக்க விடவில்லை. மூன்றாம் மழைக்கு மண் நின்றது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் புகழ்ந்தார்கள். ஒரு மழைகூட அரியத் தவறாத உங்களையா மடிச்சி என்றோம் என்று நம் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

நமக்கு அறுபது கடந்தபிறகு, ஒரு மத்தியானம், பலகைமேல் உட்கார்ந்து நீங்கள் புல் அரிந்துகொண்டிருந்தபோது நான் சொன்னேன்: "மைனி, அன்னைக்கு அரியாண்டாம்னு சொன்னது நானாக்கும். அரிவாளைப் பிடுங்கினதும் நான்."

நீங்கள் கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதா பிள்ளே? நானும் அங்கதானே நின்னேன்."

"என்னை மன்னிக்கணும்."

"இப்பம் எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? கேக்க வேண்டிய ஆளுவ ரெண்டுபேரும் போயாச்சு."

உங்கள் அடக்கத்தன்று சபைக் கோயிலில் என்னைப் பேசச் சொன்னார்கள். உங்கள் பொறுமையைப் பற்றிப் பேசினேன். கேட்க வேண்டிய ஒருவன் முன்பெஞ்சில் இருந்தான். அப்போதும் சொல்லவில்லை.

முந்தாநாள், மருந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டான். ஒன்றே ஒன்று கேட்டான்: "அப்பா சாவுததுக்கு முன்னாடி அத்தை இதைச் சொல்லியிருந்தா, அவுங்க எங்கம்மைட்டப் பேசியிருப்பாவளா?"

"பேசியிருப்பான்" என்றேன்.

எழுந்து போனான். இன்று மூன்றாம் நாள். சோறு வேண்டுமென்றால் பெண்டாட்டியை அனுப்பிச் சொல்லுகிறான். நீங்கள் எத்தனை வருடம் இதைத் தாங்கினீர்கள் என்று இப்போதுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறேன் மைனி.