ஒன்பதாவது கேள்வி

மார்ச் 3, திங்கள்

அச்சகக்காரருக்கு,

நேற்று வீடு வந்ததும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மூடியிருக்க மாட்டேன். அதனால் எழுதுகிறேன். நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குக் கிளம்பும்போது நீங்கள் தூக்கம். நீங்கள் அச்சகத்திலிருந்து திரும்பும்போது நான் தூக்கம். வாரத்தில் ஆறு நாள், என் சைக்கிள் சீட்டுக்குக் கீழே தொங்கும் இந்தப் பைதான் நமக்குப் பேச்சு.

நேற்றைய ஞாயிறு சவாரியில், தண்ணீர்த் தொட்டி வளைவில் சரளைக்கல் வழுக்கி சைக்கிளோடு விழுந்தேன். "என்னங்க" என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை தொண்டை கிழிய. இருபதடி முன்னால்தான் போய்க்கொண்டிருந்தீர்கள். முதுகு திரும்பவே இல்லை. பாலத்துக்கு வந்து சேர்ந்தால், கையில் டீயோடு, "என்ன இவ்ளோ லேட்டு?"

முழங்கைத் தோல் ஆறிவிடும். மே மாதம் நாம் போகப்போகும் அந்த வெளிநாட்டில் சைக்கிளில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், நாற்பது நாள். அங்கேயும் இப்படித்தான் போவீர்களா?

மகளுக்குப் போன் செய்தேன். சிரிக்கிறாள். "அந்த ஊர்ல போய் 'என்னங்க'ன்னு கத்தினா எவன்மா திரும்புவான்? அப்பாவுக்கு ஒரு பேரு வச்சுக் கூப்பிடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னால் வந்தவள்


மார்ச் 4, செவ்வாய்

என் ஊசிக்கு,

எதிர்க்காற்று. சத்தியமாகக் கேட்கவில்லை. களிம்பு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஊரார் கையெல்லாம் குத்துகிறவள் நாலு கல்லுக்கு இப்படிக் கோபப்படலாமா?

கூடாரம் மூன்று கிலோ. நானே சுமக்கிறேன். உபரி டியூப் ஆறு எடுத்தாயிற்று. உன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். புடவைத் தலைப்பு படாமல் பார்த்துக்கொள்.

பயணக் காப்பீட்டுப் படிவங்கள் இரண்டையும் நிரப்பி மேசைமேல் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து மட்டும் பாக்கி. உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்காதே, வெறும் சம்பிரதாயம்.

உன்
அச்சகம்


மார்ச் 10, திங்கள்

உங்களுக்கு,

உட்கார்ந்து படித்தேன்.

உங்கள் படிவம். ஒன்பதாவது கேள்வி: கேட்கும் திறனில் குறை உண்டா? "இல்லை." மற்ற "இல்லை"கள் எல்லாம் நீல மை. இது மட்டும் கறுப்பு. அதை விட்டுவிட்டு வேறொரு நாள் எழுதியிருக்கிறீர்கள்.

நேற்றுக் காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. சவாரியில் உங்கள் வலப்பக்கமாக வந்து மணி அடித்தேன். "என்ன?" என்று திரும்பினீர்கள். இடப்பக்கம் வந்து அடித்தேன். இரண்டு முறை. ஐந்து முறை. நீங்கள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தீர்கள்.



போன வருஷம் "ஃபேன் காத்து ஒத்துக்கல" என்று கட்டிலில் பக்கம் மாறினீர்கள். அன்றிலிருந்து நான் உங்கள் வலப்பக்கம். போனையும் வலது காதுக்கு மாற்றினீர்கள். நான் வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். நாம் வலது ஓரம். நம்மை முந்துகிற ஒவ்வொரு லாரியும் உங்கள் இடது தோளை ஒட்டி வரும்.

இதை நீங்கள் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

ஊசி


மார்ச் 13, வியாழன்

என் ஊசிக்கு,

மூன்று நாள் பையைக் காலியாக விட்டேன். நீ ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்திருப்பாய். மன்னித்துக்கொள்.

எட்டு மாதமாகத் தெரியும். டாக்டர் முதலில் கேட்டதே, "மெஷினுக்கு எந்தப் பக்கம் நிப்பீங்க?" என்றுதான். இருபத்தாறு வருஷமாகத் தாள் மடிப்பு இயந்திரத்தின் இரைச்சல் என் இடப்பக்கம். "போனது போனதுதாங்க. இருக்கற காதைக் காப்பாத்திக்குங்க" என்றார். காது மெஷின் கேட்டேன். சைக்கிளில் போனால் காற்றிரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும் என்றார். அன்று நீ விழுந்தபோதும் அதுதான்: நல்ல காதில் எதிர்க்காற்று. அது மட்டும் பொய்யில்லை.

நீ ஒருமுறை சொன்னாய். "நாற்பது நாளாவது ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணும்." அந்த வாக்கியத்தில்தான் இந்தப் பயணம் தொடங்கியது. அதன்மேல் என் காதைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை.

தனியாகப் பழகிப் பார்த்தேன். நீ வேலைக்குப் போன காலைகளில், கிடங்கு வளாகத்தில், வலது ஓரமாக. போன மாதம் ஒரு வேன். முதலில் இடது கையில் காற்று பட்டது. அப்புறம்தான் வண்டியைப் பார்த்தேன். நடுவில் சத்தம் என்று ஒன்று வரவே இல்லை. இறங்கி வெகுநேரம் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கறுப்பு மை: உண்மையை எழுதினால் பயணமே நின்றுவிடும் என்று பயந்தேன்.

படிவத்தைக் கிழித்துவிடு. நீ சொன்னால் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுகிறேன்.

உன்
அச்சகம்


மார்ச் 14, வெள்ளி

அச்சகக்காரருக்கு,

கிழித்துவிட்டேன். புதிய படிவம் இதே பையில் இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்கு "ஆம்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். நீல மையில்.

காப்பீட்டுக்காரர்கள் மறுக்கலாம். மறுத்தால் போக வேண்டாம். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. நாற்பது நாளும் இந்த வீட்டிலேயே முழித்திருப்போம். எட்டு மாதத்துக்கான சண்டை பாக்கி இருக்கிறது, பொழுது போய்விடும்.

அவர்கள் ஒப்புக்கொண்டால், இனி நான் முன்னால். இன்று மதியம் என் கைப்பிடியில் கண்ணாடி மாட்டச் சொன்னேன். சைக்கிள் கடைக்காரர், "அக்கா, நீங்க இடது பக்கம் காட்டறீங்க. நம்ம ரோட்டுக்கு வலது பக்கம்ல இருக்கணும்?" என்றார். "இது வேற ரோட்டுக்கு" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டினார்.

பின்னால் வண்டி வந்தால் இடது கையைத் தூக்குவேன். நீங்கள் எதையும் கேட்க வேண்டாம். என் கையைப் பார்த்தால் போதும். வரும் ஞாயிறு கிடங்கு வளாகத்திலேயே பழகுவோம். கூடாரத்தை என் வண்டிக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் சமநிலையில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைவு.

பயம் போகவில்லை. காலையில் ஒருவர் கையில் ரத்தக்குழாய் கிடைக்காமல் மூன்று முறை குத்தினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

இன்னொன்று. நீங்கள் என்னைச் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எப்போதும் முன்னால் போகிறவருக்கு அது தேவைப்படவில்லை. ஏதாவது ஒரு பெயர் யோசித்து வையுங்கள். விழுந்தால் கூப்பிடுங்கள்.

எனக்குக் கேட்கும்.

ஊசி