கையில் ஒட்டிய கருப்பு

ஞாயிறு. உப்பல்.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. இன்று கீழே பார்க்கிங்கில் உட்கார்ந்து பைக்கின் என்ஜின் கவரைத் தேய்த்தேன். முதலில் தண்ணீர் தொட்டு உப்புத்தாள், பிறகு பாலிஷ், கடைசியில் பழைய பனியன். அலுமினியம் தேய்க்கத் தேய்க்கக் கருப்பாகக் கக்கும். மதியத்துக்குள் கவர் பளபளத்தது. என் கைகள்தான் கரி அள்ளியவை மாதிரி ஆகிவிட்டன.

குடியிருப்பில் பலர் வண்டி எடுக்க வந்தார்கள், போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் எடுத்து மதுரையில் இருக்கும் மனைவிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பையனுக்குப் பரீட்சை.

சாயங்காலம் பால் வாங்கப் போனேன். கடைக்கார அம்மா என் கைகளைப் பார்த்துவிட்டு, "சேத்துலகேமயிந்தி சார்?" என்றார். கைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டுவிட்டார். போதாதா? அரைகுறைத் தெலுங்கில் உப்புத்தாளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் நின்றவர் "பாலு, அம்மா" என்று பால் கேட்டுக் குரல் கொடுக்கும்வரை நான் நிறுத்தவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா அரை எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டி, தேய்த்தால் போய்விடும் என்றார்.

பழம் மேஜைமேல் இருக்கிறது. தேய்க்கவில்லை. நான் எழுதும் இந்தத் தாளின் ஓரமெல்லாம் என் விரல் தடம்.

நாளை ஆபீஸுக்கு இந்தக் கையோடுதான் போகப்போகிறேன். யாராவது கேட்கட்டும்.