கோர்ட்டு இருக்கும் ஊர்

லேன்ஸ்ஃபோர்டு,
டன்மோர் கவுண்டி, நெப்ராஸ்கா.
மார்ச் 4, 1894

அருமை மருமகள் லவினியாவுக்கு,

உன் தாய்மாமன் ஆம்ப்ரோஸ் எழுதுவது. நான் இங்கே குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் இருமல் தேவலையா?

நம் கவுண்டியின் சரித்திரம் கேட்டிருந்தாய். அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் ஏது? முதல் கோர்ட்டு, புல்லோடு வெட்டின மண்கட்டியில் எழுப்பினது. பாதிச் சுவர் நான் அடுக்கினது, அதுவும் இடது கையால். ஒருநாள் விசாரணை நடுவே கூரையிலிருந்து ஜட்ஜ் மேஜைமேல் பாம்பு விழுந்தது.

"ஆம்ப்ரோஸ், இது யார் பக்கத்துச் சாட்சிப்பா?" என்றார்.

"எதிர்த்தரப்புதான் ஐயா. நாக்கு ரெண்டா இருக்கு பாருங்க."

கோர்ட்டே குலுங்கிப்போச்சு.

இரண்டாவது கோர்ட்டு மரத்தில், இரண்டு மாடி, வெள்ளைப் பெயிண்ட். வழக்கு நாளில் நூறு வண்டி வருகிறது. குதிரை கட்ட இடமில்லை. வாசல் சாவி என் இடுப்பில்தான். உட்கார்ந்து மூச்சுவிட நேரமில்லை, போ.

உன் மாமன்,
ஆம்ப்ரோஸ் ப்ளெட்சோ

செயின்ட் லூயிஸ்,
மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் விட்டது. என் வீட்டுக்காரர் போனபிறகு இந்த வீட்டில் கடிகாரம் அடிப்பதுதான் பேச்சு. வீட்டை விற்றுவிட்டு உங்கள் ஊருக்கே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். வழக்கு நாளில் வரும் ஜனத்துக்குச் சமைத்துப்போட்டுப் பிழைத்துக்கொள்வேன். உங்களுக்கும் வாய்க்கு ருசியாகக் கிடைக்கும்.

இங்கே தையற்கடையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.

லவினியா

லேன்ஸ்ஃபோர்டு,
ஏப்ரல் 29

லவினியா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதினேன். தபாலில் போடாமல் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இங்கே கோர்ட்டு இல்லை அம்மா.

ஆறு வருஷம் முன்னே ரயில் பாதை, ஒன்பது மைல் தள்ளியிருக்கிற கிரேடன் ஊர்ப் பக்கம் போய்விட்டது. கோர்ட்டு எந்த ஊரில் இருக்கணும் என்று ஓட்டெடுத்தார்கள். முந்நூறு ஆம்பளை இருக்கிற கவுண்டியில் எழுநூறு ஓட்டு விழுந்தது. நாங்களும் கல்லறையில் இருக்கிறவர்கள் பேரையெல்லாம் எழுதித்தான் பார்த்தோம். அவர்கள் ஊர்க் கல்லறை பெரிது.

பனி இறுகினதும் கிரேடன்காரர்கள் கோர்ட்டுக் கட்டடத்துக்கு அடியில் சறுக்குமரம் கொடுத்து, நாற்பது ஜோடி எருது பூட்டி அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

"சாவியக் குடுய்யா" என்றார்கள்.

"முடியாது" என்றேன்.

"அப்ப நீயே வச்சுக்க" என்று, பூட்டின கதவோடு கொண்டுபோனார்கள்.

பின்னாலேயே கடைகள் போச்சு, சர்ச்சு போச்சு, சனமும் போச்சு. அஸ்திவாரக் கல் இருக்கிறது. நான் இருக்கிறேன். நீ வந்தால் சமைக்க வேண்டியது ஒருத்தனுக்குத்தான். வீட்டை விற்காதே.

ஆம்ப்ரோஸ்

செயின்ட் லூயிஸ்,
மே 12

அன்புள்ள மாமா,

ஆறு வருஷமாக உங்கள் கடிதங்களில் கிரேடன் தபால் முத்திரைதான் இருந்தது. தபாலாபீஸ்கூட இல்லாத ஊரில் கோர்ட்டு எங்கே இருக்கும்? தெரிந்துதான் வரட்டுமா என்று கேட்டேன். கூட்டத்துக்காக வருகிறேன் என்றால் உங்களுக்குக் கூச்சம் இருக்காது என்று நினைத்தேன். "வா" என்று எழுதியிருந்தால் போதுமே.

பதினைந்தாம் தேதி வரை பார்த்தேன். பிறகு தையற்கடையில் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பது மைல் நடந்து தபால் போடுகிறீர்கள். நல்ல பூட்ஸ் இருக்கிறதா?

லவினியா

லேன்ஸ்ஃபோர்டு,
ஜூன் 3

அருமை மருமகளுக்கு,

பூட்ஸுக்கு என்ன, கவர்னரே பொறாமைப்படுகிற மாதிரி இருக்கிறது.

போன திங்கட்கிழமை இங்கே பெரிய விசாரணை. நூற்றிருபது வண்டி. உள்ளே நிற்க இடமில்லை. முன்வரிசையில் மட்டும் ஒரு நாற்காலி காலி. ஜட்ஜ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஆம்ப்ரோஸ், அது யாருக்குப்பா?"

"என் மருமகளுக்கு ஐயா. ரெண்டு வருஷத்துல வருவா. நான்தான் வரச்சொல்லியிருக்கேன்."

"அப்ப அதுவரைக்கும் வழக்க ஒத்திவைக்கிறேன்" என்றார்.

எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பூட்டிக்கொண்டு வந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உன் மாமன்,
ஆம்ப்ரோஸ் ப்ளெட்சோ