காசு கேட்காத வீடு

ஐராய்,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி தோசிவோவுக்கு,

அக்கா எபில் எழுதுவது. நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நலமாக இருந்தால் மணிலா ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை? போனில் கூப்பிட்டால் பேசமாட்டேன் என்கிறாய். அதனால் நாளைக்கு அங்கே வருகிற நர்ஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பெண்டாட்டி ஹெர்மினா எல்லாம் சொன்னாள். இதயத்தைத் திறந்து அடைப்பை எடுக்க டாக்டர் தயாராம். செலவு முழுக்கக் காப்பீட்டில் போய்விடுமாம். நீதான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வழியனுப்பக்கூட நாதியில்ல. நான் பிழைச்சு வந்து யாருக்கு என்ன ஆகப்போகுது? டிக்கெட்டைப் போடு, ஊருக்குப் போவோம்" என்றாயாம். கேட்டபோது நான் சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மிச்சக் கிழங்கையும் உரித்து அடுப்பில் வைத்தேன். அண்ணன் ஒபாக் போனதிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன்.

அண்ணனுக்கும் இதே நோய்தான். அப்போது இந்தக் காப்பீடு வரவில்லை. வழக்கப்படி நான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன், வைத்தியச் செலவுக்குப் பங்கு போட நம் குலமே பணத்தோடு வந்து இறங்கியது. பன்றி அறுத்தார்கள். எவன் குறைத்துப் போட்டான் என்று சண்டை பிடித்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், மறுபடியும் சாப்பிட்டார்கள். போதாத பணத்துக்கு இன்னொரு தரம் கூடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் உள் அறையில் கண்ணை மூடிவிட்டார்.

உனக்கு அந்தப் பாடே இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினார்கள், உன்னையும் துணைக்கு ஹெர்மினாவையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு குருவிகூட வரவில்லை. அது உனக்குச் சுட்டது போலவே எனக்கும் சுட்டது. நேற்று உச்செல் மாமாவிடமே போய், தாய்மாமன் நீங்களே எட்டிப் பார்க்கவில்லையே என்று கேட்டுவிட்டேன்.

மாமா பாக்கைத் துப்பிவிட்டு, "காப்பீட்டுக்குன்னு மாசாமாசம் என் சம்பளத்துல பிடிக்கிறாங்கல்ல, அதுல உன் தம்பிக்கும் என் பங்கு போகுதுல்ல?" என்றார். பிறகு அவரே குரலை இறக்கி, "நீ கூப்பிடவே இல்லையே எபில். கூப்பிட்டாத்தானே பணத்தோட வருவோம்? பணமே வேணாங்கிற வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கிட்டு எந்த மூஞ்சியோட வர்றது?" என்று கேட்டார்.

செலவைத்தான் காப்பீடு பார்த்துக்கொள்கிறதே என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லையே என்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். இதில் யாரைத் திட்டுவது, சொல்? திட்டுவதற்கு எனக்குத் தெம்பும் இல்லை.

இன்று காலை மாமா வந்தார், வெறுங்கையோடுதான். உட்கார்ந்தார், எழுந்தார், வாசலில் நின்ற உன் படகைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மனிதர் நம் வீட்டில் அப்படித் திருதிருவென்று முழித்து நான் பார்த்ததில்லை. கிழங்கும் மீனும் கொடுத்தேன், சாப்பிட்டார். போகும்போது, "கத்தி வச்சுக்கச் சொல்லு அந்தக் கழுதையை. திரும்பி வரட்டும், நானே ரெண்டு அறை வைக்கிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குத்தான் அதுவும் வரவில்லை.

காப்பீடு நல்லதா கெட்டதா என்று இங்கே தினமும் வாதம் நடக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அண்ணனைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது வீட்டில் ஒருவரும் இல்லை, ஆனால் உனக்கு டாக்டர் இருக்கிறார். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், வீடு காலியாகவே கிடக்கட்டும், நீ இருந்தால் போதும்.

டாக்டரிடம் சரி என்று சொல். நம் அம்மா வழியில் மூத்தவள் நான், சொல்கிறேன்: உனக்கு ஒன்றும் ஆகாது. கடவுள் உன் தலைமாட்டில் இருப்பார். பிறந்ததிலிருந்து என் பேச்சை நீ ஒருநாளும் கேட்டதில்லை, இந்த ஒரு தடவை கேளடா.

உன் அக்கா,
எபில்