எஸ் ஃபோர் சுகர்

என்னுடைய அப்பாவுக்கு,

என்னுடைய என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். அண்ணாவுக்கும் நீங்கள் அப்பாதான், சரி. ஆனால் இன்றைக்கு உங்களைப் பங்கு போட எனக்கு மனமில்லை.

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் அம்மா. தமிழில் எழுதினால் பள்ளிக்கூடத்தில் யார் கையில் கிடைத்தாலும் வாசிக்க முடியாது. அம்மா கண்டால் வாசிப்பார். அதுதான் பயம். உங்கள் பேச்சு வந்தாலே எழும்பிப் போய், கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவுவார்.

அப்பா, எனக்கு ஒருவர் மேல் பொறாமை. அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்தவர் மேல் பொறாமைப்படலாமா? நீங்களும் இப்போது அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர். ஸ்தாபகர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வாசல் வளைவிலும், மண்டபத்துச் சுவரிலும், நூலகக் கதவுக்கு மேலேயும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது போதும். நாளை ஸ்தாபகர் நாள். வருடம் ஒரு பிள்ளை மேடையில் ஏறி அவருடைய வாழ்க்கையை வாசிக்க வேண்டும். இந்த வருடம் அந்தப் பிள்ளை நான்.

அவர் மெழுகுதிரி விற்றவரின் மகன். பதினாறு வயதில் கப்பலேறி, கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பிறகு தானே கறுவாப்பட்டை வாங்கி விற்றார். பிறகு மலையில் கோப்பித் தோட்டம். கோப்பிச் செடிக்கு நோய் வந்து மற்றவர்கள் தோட்டத்தை விட்டு ஓடியபோது, அதையெல்லாம் மலிவாக வாங்கித் தேயிலை நட்டார். சொந்தக் கப்பலில் லண்டனுக்குத் திரும்பி வந்தாராம். துறைமுகத்தில் பாண்ட் வாத்தியம் வாசித்தார்களாம்.

நீங்களும் அந்த நாட்டிலிருந்துதான் இந்த லண்டனுக்கு வந்தீர்கள். "நான் வந்தது ஃபர்ஸ்ட் கிளாஸ், பிள்ளை. லொறியிலை உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேலை" என்று சிரிப்பீர்கள். மிச்சத்தைக் கேட்டால், "போய்ப் படி" என்பீர்கள். அவருடைய பயணத்துக்கு, மேடையில் வாசிக்க மிஸ் தந்த தாளில் ஒரு பந்தி முழுக்க இருக்கிறது. உங்களுடையது உருளைக்கிழங்கோடு நின்றுவிட்டது. ஏன் அப்பா மிச்சத்தைச் சொல்லாமல் போனீர்கள்?

அவர் அரசியலுக்கும் வந்தார். முதல் தேர்தலில் தோற்றார். ஒரு பீர்ப் பீப்பாவின் மேல் ஏறி நின்று, "மறுபடி வருவேன்" என்றாராம். மறுபடி வந்து வென்று, பாராளுமன்றத்தில் வயது போகும்வரை இருந்தார். இந்த இடம் வரும்போதெல்லாம் உங்கள் தேர்தல் ஞாபகம் வருகிறது. கோலியர்ஸ் வுட்டில் அந்த மண்டபத்தில் உங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டம். நீங்கள் செயலாளர் பதவிக்கு நின்றீர்கள். கோட் எல்லாம் போட்டுப் போய், கொத்துரொட்டிப் பார்சலோடு திரும்பி வந்தீர்கள். "வெண்டவன் மண்டபத்திலை கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கிறான். தோத்தவன் வெள்ளன வீட்டை வரலாம்" என்றீர்கள். அம்மாகூடச் சிரித்தார். அடுத்த வருடமும் நிற்பேன் என்றீர்கள். அடுத்த வருடம் நீங்கள் இல்லை. அவர் எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். நீங்கள் ஐம்பதைக்கூடக் காணவில்லை. அவருக்கு எல்லாம் இரண்டாம் தடவையும் கிடைத்திருக்கிறது.

கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். தேயிலை பறித்தது யார் என்று தாளில் தேடினேன். 'பல நூறு கைகள்' என்று மட்டும் இருக்கிறது. அந்தக் கைகள் தமிழ்க் கைகள். இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டு மலைவரைக்கும் நடந்து போனவர்கள். ஒரு பெயர்கூட இல்லை. மிஸ்ஸிடம் கேட்டேன். நல்ல கேள்வி, அடுத்த வருடம் சரித்திரப் பாடத்தில் வரும் என்றார். ஆனால் ஸ்தாபகர் கட்டிய நூலகத்தில்தான் அம்மாவின் ஷிப்ட் முடியும்வரை நான் தினமும் சூடாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கைகளைப் பற்றித் தேடிக் கண்டுபிடித்ததும் அங்கே இருந்துதான். ஏழைப் பிள்ளைகளுக்கென்று அவர் கட்டாமல் விட்டிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன்? அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஸ்தாபகர் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பணிஸ், சீனி தூவிய பன், கொடுப்பார்கள். அவர் எழுதிவைத்துவிட்டுப் போன காசில் இன்றைக்கும் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் முழுக்க வாயில் சீனியோடு அவரை நினைக்கும். உங்கள் திவசத்துக்குப் போன தடவை நாங்கள் மூன்று பேர்தான். வாழையிலை கிடைக்கவில்லை. அம்மா பேப்பர்த் தட்டில் படைத்தார்.

உங்களுக்குக் கல்லே இல்லை, அப்பா. ஒன்று சொல்லவா? அந்தியேட்டிச் சடங்குக்கு முந்தின வாரம் சித்தப்பா போனில், "அண்ணைக்குக் கல்வெட்டு அடிக்கக் குடுத்தாச்சு" என்றது எனக்குக் கேட்டது. முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று பெயர் வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? உளியால் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை எங்கே நிறுத்துவார்கள்? பிளாட்டுக்கு முன்னால் குப்பைத் தொட்டி வைக்கிற இடத்தில்தான் இடம் இருந்தது. தொட்டிகளை யாருக்கும் தெரியாமல் ஒரு பக்கம் தள்ளி வைத்தேன். அச்சகத்திலிருந்து காகிதப் பெட்டிகள் வந்தன. சித்தப்பா திறந்தார். உங்கள் படம், தேவாரம், நன்றி நவிலல். "கல் எங்கை?" என்று கேட்டேன். எல்லோரும் அழுதார்கள். எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மிச்சப் பிரதிகள் இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கின்றன.

அதனால்தான் நாளைக்கு வாசிக்கிற தாள் எனக்கு உறுத்துகிறது. கடைசி வசனம் இது: 'இன்று அவருடைய பெயரைச் சுமக்கும் பிள்ளைகள் நாங்கள்.' வருடாவருடம் அப்படியே வாசிப்பார்களாம், மாற்றக் கூடாதாம். எப்படி அப்பா வாசிப்பேன்? மற்றவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எங்கோ முன்னாலிருந்து வருகிறது. என் பெயருக்குப் பின்னால் இருப்பது நீங்கள். நேராக நீங்களே. காலையில் வரவு எடுக்கும்போது கூப்பிட்டது உங்களைத்தான். நீங்கள் போன பிறகு உங்கள் பெயர் சத்தமாகக் கேட்ட ஒரே இடம் அந்த வகுப்பறை.

வீட்டில் கேட்காது. புருசன் பெயரை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. டொக்டரின் வரவேற்பு மேசையில் பெயர் கேட்டால், "எஸ் ஃபோர் சுகர், ஏ ஃபோர் ஆப்பிள், டி ஃபோர் டீ" என்று எழுத்து எழுத்தாய்ச் சொல்லுவார். கடைசி 'என் ஃபோர் நைஸ்' வரைக்கும் போவார். முழுதாய் மட்டும் சொல்லமாட்டார்.

இப்போது வகுப்பில் புது மிஸ். அவருக்கு நாக்குப் புரளவில்லை. "ஆரணி எஸ்" என்கிறார். நாளைய நிகழ்ச்சி நிரலிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஸ்தாபகருடைய பெயர் பெரிய எழுத்தில். நீங்கள் ஒரு எஸ், பக்கத்தில் ஒரு புள்ளி. ஒத்திகையில் மிஸ் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். முழுப்பெயரும் சொல்லுங்கள் மிஸ் என்று கேட்க வாயைத் திறந்தேன். 'நன்றி மிஸ்' என்றுதான் வந்தது.

அண்ணாவிடம் சொன்னேன். "உந்தப் பேரை ஆர் சொல்லி முடிக்கிறது? என்னை வேலையிலை 'சாட்' எண்டுதான் கூப்பிடுறாங்கள். ஈஸி" என்றான்.

"எழும்பி நிக்கேக்கையும் சாட்டோ?" என்று கேட்டேன். இங்கிலீஷில் 'சாட்' என்றால் 'உட்கார்ந்தான்' அல்லவா. தலையணையால் எறிந்தான். அதை எடுக்க வந்தவன், "நீ சொல்லுறதெண்டால் சொல்லு" என்றுவிட்டுப் போனான்.

நாளைக்கு அம்மாவும் வருகிறார். "ஷிப்ட் மாத்திப்போட்டன். முன்னுக்கு இருப்பன்" என்றார். அது இன்னும் பயம். முன்னூறு பேருக்கு முன்னால் மைக்கில் உங்கள் பெயர் கேட்டால் அவர் என்ன செய்வார்? அங்கே கழுவக் கோப்பையும் இல்லை.

மேலே உள்ளதை எழுதிவிட்டுப் பழகிப் பார்த்தேன், அப்பா. போர்வைக்குள் மூச்சுச் சத்தத்தில் உங்கள் பெயரைச் சொன்னேன். ஒரு தடவை. பிறகு வேகமாக இன்னொரு தடவை.

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நடுவிலை 'ற்' இருக்கு, பிள்ளை. விழுங்காதை."

 போனை நெஞ்சோடு அமத்திக்கொண்டு, "ஓம் அம்மா" என்றேன்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். 'ற்' இருந்தது.

"ம். படு." மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எழும்பிப் போகவில்லை.

சரி அப்பா, கேளுங்கள். நாளை மேடையில் ஏறி முதலில் என் பெயரைச் சொல்வேன். முழுதாக, மெதுவாக, ஒரு எழுத்தும் விழுங்காமல். பிறகு அவருடைய வாழ்க்கையை நன்றாகவே வாசிப்பேன். கப்பலையும் தேயிலையையும் பீர்ப் பீப்பாவையும் குறை வைக்காமல் வாசிப்பேன். அவருடைய பணிஸையும் தின்பேன், சொல்லிவிட்டேன். அந்தக் கடைசி வசனத்தையும் எழுதியிருக்கிறபடியே வாசிப்பேன். அதற்குள் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், நான் சுமப்பது யாருடைய பெயரை என்று.

உங்கள் மகள்,
ஆரணி சற்குணநாதன்