அந்தக் கை

ஜூலை 3, வியாழன்

இன்றும் தம்பி மகள் சட்டையில் இரண்டு பட்டன் இல்லாமல் வந்து நின்றாள். பத்து நாளில் மூன்றாவது தடவை. "ஸ்கூல்ல யாரோ இழுத்துட்டாங்க அத்தை" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பதினாலு வயது, வாயில்லாப் பூச்சி. தம்பியும் அவன் மனைவியும் வேலை வேலை என்று ஓடுகிறார்கள். கேட்க நான்தான் இருக்கிறேன். தையல் கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறவள் வீட்டுப் பிள்ளை இப்படியா நிற்பது?

தைத்துப் போட்டுவிட்டு விளக்கேற்றினேன். "என் பிள்ளை மேல விழுந்த அந்தக் கை விளங்காமப் போகணும் சாமி!" பேர் தெரியாததால் 'அந்தக் கை' என்று மட்டும் சொன்னேன். சாமிக்குத் தெரியாதா என்ன?

ஜூலை 7, திங்கள்

தினமும் வேண்டுகிறேன். "அக்கா, சாமிக்குக் காது நல்லாத்தான் கேட்குது, மெதுவாச் சொல்லு" என்கிறான் தம்பி.

ஜூலை 9, புதன்

எழுதவே கூசுகிறது.

பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியை வாயைத் திறக்கும் முன்பே கால் மணி நேரம் பேசித் தீர்த்தேன். பிள்ளை வளர்ப்பு பற்றி, அடிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் பற்றி, எல்லாம். அந்த அம்மா தண்ணீர் கொடுத்து, "நாங்களே உங்க வீட்டுக்குப் போன் பண்றதா இருந்தோம்மா" என்றார்.

மேஜை மேல் ஒரு பட்டனை வைத்தார். காது வீங்கிப்போன ஒரு பெண் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்ததாம். அடிவாங்கும்போது பிடித்தது.

மூன்று சுற்று, இரட்டை முடிச்சு. என் தையல். துணி கிழிந்து கூடவே வந்திருக்கிறது, முடிச்சு அவிழவில்லை. ஒரு நொடி பெருமைப்பட்டேன்! பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும்.

அடிச்சது எங்க வீட்டுப் பிள்ளையா? நம்ம பூச்சியா?

ஜூலை 10, வியாழன்

தம்பி மகளை ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வலது மணிக்கட்டு வேறு வீங்கியிருக்கிறது. குத்தும்போது சுவரில் பட்டதாம். வேண்டுதல் பலித்துவிட்டது. ஐம்பத்து நாலு வயதில் நான் கேட்டு உடனே கிடைத்த ஒரே வரம்!

"ஏண்டி அடிச்சே?"

"அவ பயந்து பயந்து பார்ப்பா. அதைப் பார்த்தா இன்னும் அடிக்கத் தோணும்."

மணிக்கட்டில் கட்டுப் போட உட்கார்ந்தேன்.

"நான் தினம் உன்னையத்தான் சபிச்சேனா? பக்கத்து ரூம்லயே இருந்தியேடி, சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டா சாமி குடுக்கும்னு சொல்லுவியே அத்தை. கை போயிட்டா அடிக்கிறத நிறுத்திடுவேன்னு நெனச்சேன்."

விளக்கு முன்னால் போய் நின்றேன். என்னத்த கேக்குறது இனிமே? குடுத்தத திருப்பி வாங்கிக்கன்னா?

ஜூலை 11, வெள்ளி

கேட்டேன். மெதுவாகத்தான்.

ஜூலை 13, ஞாயிறு

அவளை இழுத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்புப் பேச்சு தயார் செய்தேன், சாமி பேரை நாலு இடத்தில் சேர்த்து. பாதிகூடச் சொல்லவில்லை, அவள் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மன்னிப்பெல்லாம் எனக்கெதுக்கு? என் பொண்ணுக்கு நாளைக்குப் போட்டுக்கச் சட்டையில்ல."

உள்ளே போய், பையும் தோளும் கிழிந்த சட்டையை எடுத்து வந்து நீட்டினாள். வாங்குவதற்கு நம் வீட்டுப் பிள்ளை கையைத் தூக்கினாள், அவ்வளவுதான். கதவோரம் நின்ற அந்தப் பெண் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

சட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினோம். தெருமுனையில் இவள், "நான் சட்டை வாங்கத்தானே அத்தை கை நீட்டினேன்" என்றாள். அப்புறம் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஊசி கேட்டாள். "குடுடி, நான் அஞ்சு நிமிஷத்துல…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

வலது கையில் கட்டு. இடது கையால் தைக்கிறாள். நாலு தடவை குத்திக்கொண்டாள். தையல் காக்கா கிறுக்கினது போல இருக்கிறது. கடைக்காரர் பார்த்தால் என் வேலை போய்விடும். மூன்று மணி நேரமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், இதை எழுதிக்கொண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது தோள் முடிந்து, பைக்கு வந்திருக்கிறாள்.